வைஹெக்கேயில் காய்ச்சிய கூழ்

ஏரம்பமூர்த்திக்குக் கடல் பிடிக்கும். பக்கத்தில் ஒரு பத்துப் பேர் நின்று அவரோடு சேர்ந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவருடைய மனைவி ரதிதேவிக்குக் கடல் மட்டும் இருந்தால் போதும். இந்தச் சின்ன வேறுபாட்டோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடந்துவிட்டது. நடுவில் மகள் நிலானி இருந்தபடியால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

நிலானி வேலை கிடைத்து வெலிங்டனுக்குப் போனபிறகு, பாட்டனி டவுன்ஸ் வீட்டில் தொலைக்காட்சிதான் பிள்ளை. சாப்பிடும்போது அது பேசியது. சாப்பிடாதபோதும் பேசியது. அது மூச்சு வாங்கிய இடைவெளியில் ஏரம்பமூர்த்தியின் கைப்பேசி பேசியது. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள மிஞ்சியது பால் முடிந்த செய்தியும், குப்பைத் தொட்டியை வெளியே வைத்தாயிற்றா என்ற கேள்வியும்தான். இரண்டுமே முக்கியமானவை என்பதை மறுப்பதற்கில்லை.

ஒரு மாலையில் அந்தத் தெருவுக்கே மின்சாரம் நின்றது. வீடு திடீரென்று வாயை மூடிக்கொண்டது. ரதிதேவி சோபாவில் இருந்தாள், ஏரம்பமூர்த்தி எதிரே இருந்தார். அவர் தொண்டையைச் செருமினார். முழங்காலில் தாளம் போட்டார். பிறகு எழுந்து வெளியே போய், காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு வானொலி கேட்டார். மின்சாரம் வரும்வரை வரவில்லை.

யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரதிதேவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. சத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டால் இந்த வீட்டில் தங்களுக்கிடையே ஏதாவது மிஞ்சுமா, அல்லது இவர் காருக்குள்ளும் தான் சோபாவிலுமாகவே கிழடாகவேண்டியதுதானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

நகர மையத்தில் அவள் வேலை செய்யும் வங்கியில், மதிய இடைவேளையில், கணினியில் வைஹெக்கேத் தீவில் ஒரு வீடு பார்த்தாள். கடற்கரையோரத்தில் இருக்கும் இப்படியான விடுமுறை வீட்டை நியூசிலாந்தில் 'பாட்ச்' என்பார்கள். ஒரு படுக்கையறை, ஒரு கட்டில், இருவர் மட்டும் தங்கலாம், சமையலை நீங்களே செய்துகொள்ளவேண்டும், தொலைக்காட்சி கிடையாது. கடைசி வரியை அவள் மறுபடியும் ஒருமுறை வாசித்தாள். அப்படி அழகான வசனத்தை அவள் அண்மையில் எந்தப் புத்தகத்திலும் வாசித்திருக்கவில்லை.

"ரிவி இல்லையோ?" என்றார் ஏரம்பமூர்த்தி. "அப்ப அங்க போய் என்ன செய்யிறது?"

"கடலைப் பாக்கலாம்."

"பாத்திட்டு?"

ரதிதேவி வீட்டைப் பதிவு செய்தாள்.

ஜனவரியில் வந்த நீண்ட வார இறுதியில், ஹாஃப் மூன் பேயில் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரி ஷெர்லி என்ற மெலிந்த கிழவி. வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு, முதல் வேலையாக இருவரையும் வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போய்த் தண்ணீர்த் தாங்கியைக் காட்டினாள். இந்தத் தீவில் குழாய்த் தண்ணீர் இல்லை, கூரையில் விழும் மழைதான் எல்லாவற்றுக்கும் என்றாள். கிறிஸ்மசுக்குப் பிறகு மழையே இல்லை என்றாள். தாங்கியின் வெளிப்பக்கத்தில், கயிற்றில் தொங்கிய ஒரு சிவப்புக் கட்டையைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே ஒரு மிதவை. தண்ணீர் குறையக் குறைய மிதவை கீழே போகும், வெளியே இந்தக் கட்டை மேலே ஏறும். கட்டை உச்சிக்குப் போனால் தாங்கி காலி. இப்போது இடுப்பளவில் நிற்கிறது, இருவருக்குத் தாராளம், கவனமாகப் பாவியுங்கள்.

"யெஸ், யெஸ்," என்றார் ஏரம்பமூர்த்தி. கைப்பேசியை ஆகாயத்துக்குத் தூக்கிப் பிடித்து அலைவரிசை தேடிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை இருவரும் முன்னாலிருந்த மரத்தளத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். பொகுதுகாவா மரம் சிவப்பாகப் பூவைக் கொட்டியிருந்தது. கடல் தன்பாட்டில் வந்து போனது. ஏரம்பமூர்த்தி நின்ற படகுகளை எண்ணினார். அவை அசையாதபடியால் மறுபடி எண்ணியபோதும் அதே தொகைதான் வந்தது. "காத்து நல்லா இருக்கு," என்றார். "ஓம்," என்றாள் ரதிதேவி. அதோடு காற்றைப் பற்றிய உரையாடல் நிறைவு பெற்றது. கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே போனார். உள்ளேயிருந்து அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. கோயில் நண்பர்களின் வைபர் குழுவுக்குக் கடலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார் போலும்.

அடுத்த நாள், சனிக்கிழமை காலை, ரதிதேவி புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தபோது, கீழே தெருவில் பஸ் வந்து நின்றது. முதலில் அண்டா போல ஒரு கிடாரம் இறங்கியது. அதற்குப் பின்னால் அதைச் சுமந்துகொண்டு சபாரத்தினம் இறங்கினார்.

சபாரத்தினம் ஏரம்பமூர்த்தியின் நண்பர். கோயில் நிர்வாக சபையில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அவருக்குப் பின்னால் மனைவி அன்னம், அன்னத்தின் தங்கை சுபாஷினி, அவளுடைய புருஷன், மூன்று பிள்ளைகள், கனடாவிலிருந்து விசிட்டுக்கு வந்திருந்த, யாரும் முறையாக அறிமுகம் செய்துவைக்காத ஒரு மைத்துனர்.

"கப்பலில ஒரு வெள்ளைக்காரன் இது என்ன வாத்தியம் எண்டு கேக்கிறான், மச்சான்!" என்று சபாரத்தினம் தெருவிலிருந்தே கத்தினார். "கூழ் வாத்தியம் எண்டு சொன்னனான்!"

அன்னம் மூச்சு வாங்கப் படியேறி வந்து ரதிதேவியின் தோளை அமத்தினாள். "ரதி, நீர் ஒண்டுக்கும் எழும்பாதையும். நல்லா றெஸ்ட் எடும். எல்லாம் நாங்கள் பாக்கிறம். கத்தி எங்க கிடக்கு? புளி கொண்டந்தனீரோ? ஒருக்கா வந்து இந்த அடுப்பை எப்பிடிப் பத்த வைக்கிறதெண்டு காட்டும்."

ரதிதேவி றெஸ்ட் எடுக்க எழுந்து குசினிக்குள் போனாள்.

போகும் வழியில் சுபாஷினியின் கையிலிருந்ததைக் கண்டாள். "உதென்ன சுபா, தலகணி?"

"அத்தான்தான் சொன்னவர் அக்கா, பெரிய வீடாம், ரெண்டு இரவு நிண்டு போகலாமெண்டு. நாங்கள் ஹோலில படுப்பம். அத்தானுக்கு நாரிப்பிடிப்பெல்லே, இடுப்பு குனிய நிமிர ஏலாது, அவருக்கு மட்டும் கட்டில் வேணும்."

சபாரத்தினத்தின் தலையணை ஏற்கெனவே படுக்கையறைக்குள் போய், இருந்த ஒரே கட்டிலின் நடுவில் சாய்ந்திருந்தது. அதில் மயில் படம்.

ரதிதேவி கணவனைக் குசினி மூலைக்குக் கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ. இது ரெண்டு பேருக்கு எடுத்த வீடு."

"நான் நிக்கச் சொல்லேல்லை. கடல் படம் போட்டன். சபா உடன கூழ் காய்ச்சுவம் எண்டான். ஓம் எண்டிட்டன்."

"இல்லை எண்டு சொல்லியிருக்கலாம்."

"கடற்கரைக்கு வந்து கூழ் காய்ச்சாமல் போறதோ? ரெண்டு பேருக்குக் கூழ் காய்ச்சேலுமே, நீரே சொல்லும்."

இதை மறுக்க அவளால் முடியவில்லை. கூழ் என்பது ஊர் கூடிக் குடிப்பது. இரண்டு பேருக்குக் கூழ் காய்ச்சிய யாழ்ப்பாணத்தவர் எவரையும் அவள் கேள்விப்பட்டதில்லை. அப்படி யாராவது இருந்திருந்தால் அவர்களைப் பற்றி ஊர் வேறு விதமாகக் கதைத்திருக்கும்.

ஒடியற்கூழுக்கு எதைப் போடுவது என்பதில் ஆளுக்கொரு கொள்கை இருக்கலாம். எதையும் கழுவாமல் போடுவதில்லை என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்து, மேலே தெளிந்த கசப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, மறுபடி ஊற்றவேண்டும். நண்டைக் கழுவவேண்டும், இறாலைக் கழுவவேண்டும், கணவாயின் மையைக் கழுவவேண்டும், மீனை உப்புப் போட்டு உரசிக் கழுவவேண்டும். மரவள்ளிக் கிழங்கின் மண்ணைக் கழுவவேண்டும். பயற்றங்காயிலும் முருங்கையிலையிலும் மண் இல்லை, இருந்தாலும் கழுவவேண்டும். இடையிடையே கழுவிய கையையும் கழுவவேண்டும். ஒவ்வொருமுறை குழாயைத் திறக்கும்போதும் வீட்டின் பின்னால் தண்ணீர்ப் பம்பு 'ம்ம்ம்' என்று முனகியது. அந்த வீட்டில் ரதிதேவியின் மனநிலையை விளங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

"அன்னம் அக்கா, தண்ணியைக் கொஞ்சம்..." என்று தொடங்கினாள்.

"ஓம் ரதி, கொஞ்சம் காணாது, நல்லா விட்டுக் கழுவும். நண்டில மணம் நிண்டிட்டால் கூழே பழுது," என்றாள் அன்னம்.

ரதிதேவி வெங்காயத் தோலைக் கொட்டும் சாட்டில் பின்பக்கம் போனாள். சிவப்புக் கட்டை அவள் தோளளவுக்கு ஏறியிருந்தது. பிள்ளைகள் கடலுக்கும் வெளிக் குழாய்க்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார்கள், கால் மணலைக் கழுவ. கழுவிய காலோடு மறுபடி மணலுக்குப் போனார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எங்களுடைய பழக்கவழக்கம் ஒன்றும் வராது என்று கவலைப்படுகிறவர்கள் இதைப் பார்த்திருக்கவேண்டும்.

அங்கே சபாரத்தினம் ஏரம்பமூர்த்திக்கும் கனடா மைத்துனருக்கும் தாங்கியைப் பற்றி விரிவுரை நடத்திக்கொண்டிருந்தார்.

"இதுதான் அளவு காட்டுற சாமான். காலமை நாங்கள் வரேக்கை இந்தக் கட்டை கீழ நிண்டது. இப்ப பாருங்கோ, எவ்வளவு மேல ஏறியிட்டுது! என்ன விளங்குது? தண்ணி தானா ஏறுது. நிலத்துக்குக் கீழால ஊத்து இருக்கு. தீவெண்டால் அப்பிடித்தான். வெள்ளைக்காரன் விசரனே, தண்ணி இல்லாத இடத்தில வீடு கட்ட?"

கனடா மைத்துனர் தன் கைப்பேசியில் கட்டையைப் படம் எடுத்தார். ஏரம்பமூர்த்தி கட்டையைப் பார்த்தார், சபாரத்தினத்தைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். "ஓமோம்," என்றார்.

ரதிதேவி வாயைத் திறந்தாள். ஒரு வசனம் போதும், எல்லாக் குழாய்களும் மூடப்படும். யாரும் புறப்பட்டுப் போய்விட மாட்டார்கள். கவனமாகக் குளித்துக்கொண்டு இரண்டு இரவும் நிற்பார்கள். அவளும் அவரும் ஹோலில், சுபாஷினியின் பிள்ளைகளின் கால்களுக்கிடையில் படுப்பார்கள். திங்கட்கிழமை கப்பலில் திரும்பிப் போய்த் தொலைக்காட்சியைப் போடுவார்கள். அவள் தெரிந்துகொள்ள வந்தது தெரியாமலே போகும்.

அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய், இன்னொரு வெங்காயம் உரித்தாள். வாழ்நாள் முழுக்க ஊரார் 'ரதி கதைக்கமாட்டா, கொஞ்சம் லெவல், தலைக்கனம்' என்று குறை சொன்ன அந்த மௌனத்துக்கு ஒரு பயன் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கூழ் நன்றாகத்தான் வந்தது. குடிக்கக் குவளை காணாமல், அலுமாரியிலிருந்த ஷெர்லியின் வைன் கிளாசுகளை எடுத்தார்கள். வைன் தோட்டங்களுக்குப் பேர்போன தீவில், நீண்ட காம்புள்ள கண்ணாடிக் கிளாசுக்குள் நண்டுக் கால் நின்றது. "இது எங்கட கடல் மாதிரி வராது," என்றார் சபாரத்தினம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அங்கத்தைய நண்டு, அங்கத்தைய காற்று, அங்கத்தைய உப்பு என்று ஒவ்வொன்றாக இந்தக் கடலைத் தோற்கடித்தார். நியூசிலாந்துக் கடல் பதில் சொல்லவில்லை. ரதிதேவிக்கு அதன்மேல் மரியாதை கூடியது.

பிறகு கிடாரத்தைக் கழுவினார்கள். பிறகு பெரியவர்கள் கடலில் இறங்கினார்கள். கடலில் இறங்கினவர் நல்ல தண்ணீரில் முழுகித்தான் ஆகவேண்டும். குளியலறை வாசலில் துவாயோடு வரிசை நின்றது. பம்பு இப்போது முனகலைத் தாண்டி இருமத் தொடங்கியிருந்தது. கடைசி ஆள் சபாரத்தினம்.

"நீ அவசரப்படாத மச்சான்," என்றார் ஏரம்பமூர்த்தி. "நாரிக்குச் சுடுதண்ணி நல்லது. ஆறுதலா நிண்டு குளி."

சபாரத்தினம் ஆறுதலாக நின்று குளித்தார். உள்ளேயிருந்து தேவாரம் கேட்டது. தேவாரம் இரண்டாவது அடியில் நின்றது. பின்பக்கம் பம்பு கடகடவென்று கல்லரைப்பதுபோல் அடித்துக்கொண்டது.

"அன்னம்! ஆர் தண்ணியைப் பூட்டினது? திற! கண்ணெரியுது! தலை முழுக்க ஷாம்பு!"

"ஒருத்தரும் பூட்டேல்லை!" என்று அன்னம் கதவடியில் நின்று கத்தினாள். குசினிக் குழாயைத் திறந்தார்கள், காற்று வந்தது. வெளிக் குழாயைத் திறந்தார்கள், அதுவும் வரவில்லை. "ஊத்து எங்க அத்தான்?" என்று சுபாஷினி கேட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து விளக்கம் எதுவும் வரவில்லை. அது அவருடைய வாழ்க்கையில் அபூர்வமான சந்தர்ப்பம்.

வீட்டில் மிஞ்சியிருந்த தண்ணீர், ரதிதேவி தனக்கென்று வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த இரண்டு போத்தல் சோடாத் தண்ணீர்தான். ஒரு போத்தலைத் தியாகம் செய்தாள். கதவிடுக்கால் கை நீண்டு வாங்கியது.

"ஐயோ! உதென்னது! ஐஸ்! தலையெல்லாம் பொறிக்குது!"

ரதிதேவி ஷெர்லிக்குப் போன் எடுத்தாள். தண்ணீர் வண்டி திங்கள் காலைக்கு முதல் வராது என்றாள் ஷெர்லி. பிறகு, "நீங்கள் இரண்டு பேர்தானே?" என்று மெதுவாகக் கேட்டாள். "நாங்கள் சாமான்களை நிறையக் கழுவுவோம்," என்றாள் ரதிதேவி ஆங்கிலத்தில். அது பொய் இல்லை. முழு உண்மையைத் திங்கட்கிழமை திறப்போடு சேர்த்துக் கொடுக்கலாம்.

கூட்டம் ஹோலில் கூடியது. "பாத்ரூமுக்குத் தண்ணி இல்லாமல் என்னெண்டு அக்கா?" என்றாள் சுபாஷினி. அது ஒன்றே போதுமாக இருந்தது. யாழ்ப்பாணத்தவர் எத்தனையோ துன்பத்தைத் தாங்கி இந்த நாட்டுக்கு வந்தவர்கள்; ஆனால் வெறும் கடதாசியோடு ஓர் இரவு என்பது எல்லை கடந்தது. தலையணைகள் திரும்பக் கட்டப்பட்டன. மயில் படுக்கையறையிலிருந்து வெளியே வந்தது.

"ஐயோ பாவம், ரதி," என்றாள் அன்னம். "ஆசையா வந்தனீர். நீங்களும் வாங்கோவன் எங்களோட."

"வீட்டுக்காரிக்கு ஆராவது நிக்கவேணுமெல்லே," என்றாள் ரதிதேவி. முகத்தை அதற்கேற்ற சோகத்தோடு வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நீ வா, மச்சான்," என்றார் சபாரத்தினம். ஒரு பக்கத் தலைமயிர் ஷாம்பு காய்ந்து நட்டுக்கொண்டு நின்றது. "தண்ணி இல்லாத வீட்டில ரெண்டு பேரும் முகத்தை முகத்தைப் பாத்துக்கொண்டு என்ன செய்யப் போறியள்? இரவு கிரிக்கெட் இருக்கு. என்ர வீட்டை வந்து நில்."

ஏரம்பமூர்த்தி கார்த் திறப்பை எடுத்தார். அன்னத்தையும் சுபாஷினி குடும்பத்தையும் நெருக்கி ஏற்றி முதலில் கொண்டுபோய் மட்டியாட்டியாக் கப்பல் துறையில் இறக்கிவிட்டு, சபாரத்தினம், கனடா மைத்துனர், கிடாரம் மூன்றுக்குமாகத் திரும்பி வந்தார். இரண்டாவது முறை புறப்படுமுன் ஒருதரம் வீட்டுக்குள் வந்து போனார். ரதிதேவி மரத்தளத்தில் புத்தகத்தோடு இருந்தாள். முதல் பக்கம்.

கார் போனபிறகு அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் அவருடைய சார்ஜர் இல்லை.

ஏரம்பமூர்த்தி ஓரிடத்தில் இருக்கிறார் என்பதற்குச் சார்ஜரைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை. பற்தூரிகையை மறப்பார், பாஸ்போட்டை மறந்திருக்கிறார், ஒருமுறை கடையில் அவளையே மறந்திருக்கிறார். சார்ஜரை மறந்ததில்லை. எனவே கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அது சுவரில் வெறும் பிளக் ஓட்டையாக இருந்தது. அவள் திரும்பிப் போய்க் கதிரையில் உட்கார்ந்தாள். வீடு மௌனமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய மௌனம். அது இப்படி இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு வெளியாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

மாலைக் கப்பல் வளைவுக்கு அப்பால் போகும் சத்தம் கேட்டது. வெயில் சாய்ந்துகொண்டு போனது.

பிறகு கார்ச் சத்தம் கேட்டது. ஏரம்பமூர்த்தி இரண்டு கையிலும் பெரிய தண்ணீர்க் கலன்களைத் தூக்கிக்கொண்டு, நாரியை ஒரு பக்கமாகச் சரித்தபடி படியேறி வந்தார். அவற்றைக் குசினியில் வைத்துவிட்டு வந்து மற்றக் கதிரையில் உட்கார்ந்தார்.

"சார்ஜர்?" என்றாள் ரதிதேவி.

"சபாவின்ர போன் செத்துப்போச்சு. கப்பலில போட்டுக்கொண்டு போவன் எண்டு கேட்டான். குடுத்திட்டன். என்ர போனும் இப்ப சாகப்போகுது."

இருவரும் கடலைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமவில்லை. படகுகளை எண்ணவும் இல்லை. என்றாலும் மனதுக்குள் ஏதோ ஒன்றை உருட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"அந்தக் கட்டை மேல ஏறினால் தண்ணி குறையுது எண்டு உமக்குத் தெரியும், என்ன?"

ரதிதேவி புத்தகத்தை மூடினாள். "தெரியும்."

"நினைச்சனான்."

"நீங்களும் பக்கத்தில நிண்டுதான் யெஸ் யெஸ் எண்டனீங்கள்."

"ஓம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "யெஸ் எண்டால் கேட்டனான் எண்டுதானே அர்த்தம்," என்றார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய குற்றம் செய்த பள்ளிக்கூடப் பொடியன்போல் காது மடல் சிவந்திருந்தது.

"அப்ப ஊத்து இருக்கு எண்டு அந்தாள் சொல்லேக்கை..."

"வாய் வரைக்கும் வந்தது. பிறகு விட்டிட்டன்."

"ஆறுதலா நிண்டு குளி எண்டனீங்கள்!"

"நாரிக்கு நல்லதுதானே." அவர் தன் நாரியைத் தடவிக்கொண்டார். "எனக்கும்தான் நாரி நோ. என்ர கட்டிலில மயிலைக் கொண்டுவந்து போட்டால்?"

அவருக்கு அவளோடு தனியாக இருக்கவேண்டும் என்ற தவிப்பு வந்து, அதற்காக நண்பனைத் துரத்தினார் என்று நினைக்க ரதிதேவிக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. கட்டிலுக்காகத்தான் துரத்தியிருக்கிறார். ஆனாலும் ஒரே தாங்கியின் முன்னால், ஒரே உண்மையை, ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்தார். "தலையெல்லாம் பொறிக்குது," என்று சபாரத்தினத்தின் குரலில் அவள் சொன்னபோது, அவர் கதிரையிலிருந்து சரிந்து நாரியைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குக் குரல் மாற்றிப் பேச வரும் என்பது அவருக்கு இதுவரை தெரியாது.

சட்டியில் கொஞ்சம் கூழ் மிஞ்சியிருந்தது. அன்னம் பாவம் பார்த்து விட்டுவிட்டுப் போனது. சூடாக்கி எடுத்து வந்தாள். கழுவியிருந்தது ஒரு கிளாஸ்தான். மற்றதைக் கழுவத் தண்ணீரை வீணாக்க இருவருக்கும் மனம் வரவில்லை. மாறி மாறிக் குடித்தார்கள். கூழ் கொஞ்சம் கசந்தது. அவ்வளவு தண்ணீர் விட்டும் அன்னம் மாவைச் சரியாகக் கசப்பெடுக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

உள்ளே மேசையில் அவருடைய கைப்பேசி ஒருமுறை சிணுங்கிவிட்டு அணைந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பினார். எழும்பப் போகிறார் என்று ரதிதேவி நினைத்தாள். வானொலியுள்ள காரின் திறப்பு வேறு அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

ஏரம்பமூர்த்தி கதிரையை இழுத்து நாரிக்கு வாகாகச் சாய்ந்துகொண்டார். கடலைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்வது என்று கேட்கவில்லை.